நண்டுப் பிடியை வெயில் விடுவித்த கதை

1

பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர் எஸ்றா, ஈஸிசேரை விட்டு எழுந்திரிக்காமலே கோடானுகோடி நண்டுகளைக் கொன்றவர்.

[நம்ப மாட்டீர்கள். இந்தக் கதை பிறந்ததே ஒருத்தி நம்பாததால்தான். எஸ்றா நானேதான். படர்க்கையில் எழுதினால் பீற்றிக்கொள்ள வசதி.]

2

தாமிரபரணியின் மேல் பொன்வெயில் மெல்லத் தன்...

வேண்டாம். வெயிலுக்கு இந்தக் கதையில் பிற்பாடு பெரிய வேஷம் இருக்கிறது. வாழையிலிருந்து தொடங்குகிறேன்.

எஸ்றாவின் மனைவி யூனிஸ், சர்ச்சில் நடக்கும் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்கு ஒரு தார் தருவதாகச் சபையில் சொல்லிவிட்டாள். வாழையோ குருத்து மஞ்சளித்து நின்றது. இரும்புச்சத்துக் குறைவு என்று, உரக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி சத்தியநேசன் ஒரு பொட்டலம் கொடுத்தான். அதை மொத்தமாகக் கண்ணாடி ஜாடியில் கரைத்து மொட்டைமாடியில் வைத்தாள். கெட்டுப்போகக் கூடாத எதற்கும் அவள் வீட்டில் வெயில்தான் காவல். [நார்த்தங்காய், மோர்மிளகாய், என் சான்றிதழ்கள்.]

ஊற்றி ஊற்றிப் பார்த்தும் குருத்து பச்சையாகவில்லை. தம்பி போலி மருந்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று அவனோடு பேச்சை நிறுத்தினாள். சபையிலும் சொல்லிவிட்டாள். சத்தியநேசன் கடையில் ஈ ஓட்டினான்.

3

இங்கே கட்டுரை குறுக்கிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மருந்தில் ஒரு பொருளின் மூலக்கூறு ஒவ்வொன்றும் இரும்பை நண்டுக் கொடுக்குபோலக் கவ்வியிருக்கும். சோப்பிலிருந்தும் ஆலைகளிலிருந்தும் ஆற்றுக்குள் போகும் இதே இனத்து நண்டுகள் லேசில் சாவதில்லை. ஆனால் கவ்வியது இரும்பாக இருந்து, மேலே வெயிலும் விழுந்தால், அந்த இரும்பே கொடுக்கைக் கடிக்கும். இரும்பின் மழுங்கிய பல்லை நீரில் கரைந்த ஆக்சிஜன் தீட்டிக் கொடுக்கும். மறுபடி கடி. கடைசியில் கொடுக்கு துண்டாகும், இரும்பு துருவாகி அடியில் உட்காரும், வேருக்குக் கிடைக்காது.

[கொன்றது வெயிலும் இரும்பும். மேற்பார்வை எஸ்றா.]

இதைக் கேட்ட யூனிஸ், "வெயில் மருந்தைத் திங்குமாக்கும். அப்போ உங்க வழுக்கையை மட்டும் ஏன் விட்டு வச்சிருக்கு?" என்றாள்.

4

எஸ்றா, மச்சினன் கடையிலேயே புதுப்பொட்டலம் வாங்கி இரண்டு ஜாடிகளில் கரைத்தார். ஒன்றுக்கு மட்டும் கறுப்புக் குடைத்துணி சுற்றி, இரண்டையும் மாடியில் வைத்தார். அவர் ஏதாவது தில்லுமுல்லு செய்துவிடுவார் என்று மாடிச் சாவியை யூனிஸ் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

5

முதல் முடிவு: யூனிஸ் கண்ணீர் மல்க எஸ்றாவின் காலில்... [படித்தாள். கிழித்தாள்.]

இரண்டாம் முடிவு: வாழை ஒரே இரவில் கூரையைப் பிளந்து... [இதை நானே கிழித்தேன்.]

நடந்தது இவ்வளவுதான். பண்டிகை நெருங்கிய ஒரு காலையில் மாடிக்குப் போன யூனிஸ் இறங்கி வரவில்லை. எஸ்றா ஏறிப் பார்த்தார். துணி அவிழ்த்த ஜாடி தேன்போலத் தெளிந்திருந்தது. வெயில் குடித்த ஜாடியின் அடியில் செங்கல் நிறத்தில் வண்டல். யூனிஸின் காதில் போன்.

தம்பி என்ன பதில் சொன்னான், பண்டிகைக்கு வந்தானா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவள் சொன்னது போதும்:

"ஏலே சத்தியா, போனை வச்சிராத. உன் மருந்துல குத்தமில்லலே. நாந்தான் வெயில்ல வச்சுக் கெடுத்தேன். உங்க அத்தான் சொன்னது அம்புட்டும் பொய்யின்னு நெனச்சேன். இது மட்டும் நெசமாவே நடந்திருக்குலே."