பரவாயில்லை என்று சொன்னவர்

இப்போதெல்லாம் ஒருவருக்கும் வாயை மூடிக்கொண்டு தின்னத் தெரியவில்லை. ஒரு வாய் வைத்ததும் ‘சூப்பர்’ என்று கத்துகிறார்கள். அடுத்த வாய் வைப்பதற்குள் போட்டோ எடுத்துவிடுகிறார்கள். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்க்கிறான். அவன் கண் தட்டில் விழுகிறது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுகிறார்கள். வெயிலுமுத்துவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அவருக்கு எழுபத்திரண்டு வயது. விருதுநகர் பக்கத்தில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் மூட்டை தூக்கியே முதுகு வளைந்தவர். எதையும் நல்லா இருக்கு என்று சொன்னதில்லை. பிடித்திருந்தால் ‘பரவால்ல’ என்பார். ரொம்பப் பிடித்திருந்தால் ஒன்றுமே சொல்ல மாட்டார். அவர் ஊரில் விவரமானவர்கள் அப்படித்தான். வாய் தவறி ஒரு பிள்ளையை அழகு என்று சொல்லிவிட்டால் உடனே பக்கத்தில் திரும்பி மூன்று தடவை துப்பிவிடுவார்கள். கண் அண்டாது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் மகள் செல்வராணி இரண்டு நாள் நகரச் சுற்றுலாவுக்கு அனுப்பிவைத்தாள். கூட மனைவி சீனியம்மாள்.

நகரத்து வாசலில் எல்லோருக்கும் கொடுப்பதுபோல அவர்களுக்கும் ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் ஏழு கட்டங்கள். பார்க்க, தின்ன, அனுபவிக்க என்று ஆறு கட்டங்களில் எழுதியிருந்தது. ஏழாவதில் ஒன்றும் இல்லை.

“ஒவ்வொரு எடத்துலயும் நல்லா இருக்குன்னு வாயால சொல்லணும் ஐயா. சொன்னா முத்திரை வைப்பாங்க. ஏழும் விழுந்தா நாளைக்கு அஞ்சு மணி பஸ்ல ஊருக்குப் போகலாம்” என்றாள் சீருடைச் சேலை கட்டிய பெண்.

“விழலன்னா?”

“பார்க்க வேண்டிய இடங்கள்ல உங்களையும் சேர்த்துருவோம்.”

“சேத்து?”

“மத்தவங்க வந்து பார்ப்பாங்க.”

நியாயம்தானே என்று சொல்லிக்கொண்டு எல்லோரும் உள்ளே போனார்கள். வெயிலுமுத்து அட்டையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போனார்.

கடல் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒரு தடவைக்கு இருபது பேர். செருப்பை வெளியே விட வேண்டும். கதவைத் திறந்ததும் அலை வந்து வாசற்படியில் நின்றது.

“யாத்தே, எம்புட்டுத் தண்ணி! நல்லா இருக்குங்க” என்றாள் சீனியம்மாள். முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் அவள் அட்டையில் ஊதா மையில் டக்கென்று ஒன்று வைத்தார்.

வெயிலுமுத்து குனிந்து ஒரு விரல் தண்ணீரை நாக்கில் வைத்தார்.

“இதுல உப்பு எப்பப் போட்டீக?”

“காலையில. ரெண்டு மூட்டை.”

“இம்புட்டுத் தண்ணிக்கு ரெண்டு மூட்டை எப்படிப் பத்தும்? மிச்ச மூட்டைய யாரு எறக்கினது?”

“அதுக்குத் தனி ஆபீஸ் இருக்கு. கடல் எப்படி?”

“பரவால்ல.”

“அப்படி ஒரு கட்டம் இல்லையே பெரியவரே.”

மணி அடித்தது. கடலை மூடினார்கள்.

ஃபலூடா கடையில் பரிமாறினவர் போகவே இல்லை. உயரமான கண்ணாடி கிளாசை வைத்துவிட்டு, முத்திரைக் கட்டையோடு அங்கேயே நின்றார். வெயிலுமுத்து கரண்டியால் கிளறி ஒவ்வொரு சேமியாவாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு தின்றார். ஐஸ்கிரீமைத் தின்றார். செர்ரிப் பழத்தைத் தின்றார். கிளாசைச் சாய்த்து அடியில் இருந்த ரோஸ் பாலைக் குடித்தார். அப்புறமும் கரண்டியை விட்டுச் சுரண்டினார்.

பரிமாறினவர் பக்கத்தில் குனிந்தார். “சொல்லுங்க ஐயா. ஒரு வார்த்தை.”

“கிளாசு காலியா இருக்குல்ல? தெரியல?”

“காலி கிளாசுக்கு முத்திரை கிடையாதுங்க. வாய்க்குத்தான்.”

“என்னாங்க, சொல்லித் தொலைங்களேன்” என்றாள் சீனியம்மாள். அவள் உதட்டில் ரோஸ் பால் ஒட்டியிருந்தது. கையிலிருந்த அட்டையில் இரண்டாவது முத்திரை காய்ந்துகொண்டிருந்தது.

“கடை நடக்கணும்ல. நான் பாட்டுக்குச் சொல்லி, கண்ணுபட்டு, நாளைக்கு அடுப்பு அணைஞ்சா யாரு பாக்குறது?”

இரண்டாம் நாள் அன்றைக்கே மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

அவர்களோடு ஒரே பஸ்ஸில் வந்தவர் தேவசகாயம், அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வுபெற்றவர். அவர் எல்லா இடத்திலும் சொல்லத்தான் செய்தார். “நல்லாத்தான் இருக்கு, ஆனா...” என்று சொன்னார். மிளகாய் பஜ்ஜிக்கும் அப்படித்தான். கலங்கரை விளக்குக்கும் அப்படித்தான். ‘ஆனா’ என்றதும் தூக்கிய முத்திரைக் கட்டையை இறக்கிவிடுவார்கள்.

மகாலில் தூண்களைக் காட்டினார்கள். வழிகாட்டி இருநூற்று நாற்பது என்றார். வெயிலுமுத்து நம்பாமல் எண்ணினார். இருநூற்று நாற்பத்தொன்று வந்தது.

“ஒண்ணு கூட இருக்கே.”

“நேத்து ஒருத்தர் சேர்ந்தார்” என்றார் வழிகாட்டி.

கடைசித் தூண் சற்றே கூன் போட்டிருந்தது. வெயிலுமுத்து அதில் உள்ளங்கையை வைத்தார். சூடாக இருந்தது. மூக்குப்பொடி வாசம் அடித்தது. கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

வெளியே வந்தபோது தேவசகாயத்தின் சட்டைக்குள் சிவப்பும் பச்சையுமாகப் பல்புகள் எரிந்தன.

“என்ன கம்பவுண்டரே, உடம்புக்கு என்ன?”

“ஒண்ணுமில்ல. கொஞ்சம் கனமா இருக்கு.”

பத்து எட்டு வைப்பதற்குள் அவர் நின்றுவிட்டார். கால் இருந்த இடத்தில் இரும்புப் பலகை இருந்தது. முகம் வட்டக் கண்ணாடியாகி உள்ளே ஒரு சக்கரம் சுற்றியது. ரயில் நிலையத்தில் நிற்குமே எடை பார்க்கிற இயந்திரம், அதேதான். உடனே நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

வெயிலுமுத்துவும் ஏறி நின்றார். பழக்கமான மனிதர், ஏறாமல் போனால் மரியாதை இல்லை. டக்கென்று ஒரு சீட்டு விழுந்தது. முன்பக்கம் ஐம்பத்தொன்பது கிலோ. பின்பக்கம் கம்பவுண்டரின் கோணல் எழுத்தில் இப்படி இருந்தது: சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை சொல்லிவிடவும்.

சீனியம்மாள் சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. பார்த்தாள். பிறகு அவர் கையைப் பிடித்தாள். கல்யாணத்தன்று பிடித்தது, அதற்குப் பிறகு இப்போதுதான்.

“ஆபீசுல போயிச் சொல்லுவம். வாங்க.”

ஆபீசுக்கு ஒரு நீளமான நடைபாதை. அவர்கள் நடக்க நடக்க முன்னால் ஒருவர் பாயை விரிப்பதுபோல அதை விரித்துக்கொண்டே போனார்.

“இன்னும் எம்புட்டு தூரமய்யா?”

“ஆள் வரவரத்தான் விரிக்கிறோம். நீங்க நின்னா நானும் நிப்பேன்.”

அதிகாரி கண்ணாடி போட்ட நடுவயதுப் பெண். மேசையில் மைப்பெட்டி. சுவரில் மணி நாலே முக்கால். அவர் வெயிலுமுத்துவைப் பார்க்கவில்லை. சீனியம்மாளின் அட்டையைத்தான் வாங்கினார். ஆறு முத்திரை இருந்தது.

“கூட வந்தவர் எப்படிம்மா?”

“நல்லவருதான் தாயி.”

டக். ஏழாவது கட்டத்தில் விழுந்தது.

“முடிஞ்சுது. அஞ்சு மணிக்கு நீங்க பஸ்ல இருக்கணும். அட்டை நிறைஞ்சவங்களுக்கு நகரத்துக்குள்ள எடம் இல்ல.”

“ஐயய்யோ, எதுக்கு வச்சீக? அவுகளுக்கு ஒண்ணுகூட இல்லயே!”

அதிகாரி இப்போதுதான் நிமிர்ந்தார். “இவர் எதையாவது நல்லா இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருக்காரா? சாட்சி சொல்லலாம்.”

சீனியம்மாள் யோசித்தாள். நாற்பத்தேழு வருடத்தை யோசிக்க வேண்டியிருந்தது. ஐந்து நிமிடம் போய்விட்டது.

“கல்யாணம் ஆன புதுசுல ஒருநா கருவாட்டுக் குழம்பு வச்சேன். தின்னாக. வழிச்சுத் தின்னாக. பேசவே இல்ல. அப்புறம் எந்திரிச்சு, குழம்புச் சட்டியத் தூக்கிக்கிட்டுப் போயி அவுகளே கழுவிக் கவுத்தி வச்சாக.”

“சொன்னாரா?”

“கழுவி வச்சாகளே.”

“சொன்னாரான்னு கேக்கறேன்.”

“சொல்லல. எனக்கு அது போதும்.”

“உங்களுக்குப் போதும்மா. கட்டத்துக்குப் போதாது.” அதிகாரி வெயிலுமுத்துவின் அட்டையைத் தன் பக்கம் இழுத்தார். “ஏழாவது கட்டம் கூட வந்தவங்களுக்கு. அது ஒண்ணு விழுந்தா மத்த ஆறும் தேவையில்ல. சட்டத்துல இருக்கு, யாரும் கேக்கறதில்ல. இந்த அம்மா எப்படி? பார்த்துச் சொல்லுங்க.”

வெயிலுமுத்து பார்த்தார். சீனியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். முன்பல்லில் பாதி இல்லை. கடல் பட்டதில் சேலையின் கீழ்க்கரை நனைந்திருந்தது. ரோஸ் பால் இன்னும் உதட்டோரத்தில் இருந்தது. நாளைக்கு அவள் மட்டும் வீட்டுக் கதவைத் திறப்பாள்.

“இவ...” என்றார்.

“சொல்லுங்க.”

“இவ நல்லா இருக்கா. ரொம்ப நல்லா இருக்கா.”

சீனியம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதிகாரி முத்திரையை வைத்தார். டக். நல்ல அழுத்தமான முத்திரை. ஊதா மை பளபளத்தது.

சொன்னது மெய்யாகச் சொன்னது. அதனால்தான் வெயிலுமுத்துவுக்குப் பதறிவிட்டது. இத்தனை பெரிய வார்த்தையைச் சொல்லி, சும்மா விட்டால் அவளுக்கு என்ன ஆகும்? கழுத்து தானாகத் திரும்பியது.

“தூ. தூ. தூ.”

மேசை அந்தப் பக்கம்தான் இருந்தது. ஈர முத்திரையில் ஒரு துளி விழுந்தது. மை கலைந்து ஓடி, ஏழு கட்டத்தையும் தாண்டி மேசைக்கு வந்தது.

அதிகாரி பேனாவை எடுத்தார். “காறித் துப்பிட்டார்னு எழுதிக்கறேன்.”

“அது அதுக்கில்ல தாயி! நல்லதுக்குத் துப்புனது!” என்று சீனியம்மாள் கத்தினாள்.

“துப்பினதுக்கு ஒரே கட்டம்தாம்மா இருக்கு.”

“அப்ப இன்னொரு தடவ வைங்க. இன்னொரு தடவ சொல்லுறேன்” என்றார் வெயிலுமுத்து.

“சொல்லிட்டுத் துப்பாம இருப்பீங்களா?”

அவர் சீனியம்மாளைப் பார்த்தார். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். துப்பாமல் விட அவளுக்கும் பயமாக இருந்தது.

மணி ஐந்து அடித்தது. பஸ் ஆபீசுக்குள்ளேயே வந்து நின்றது. நடைபாதையைச் சுருட்டி ஓரத்தில் வைத்துவிட்டார்கள்.

சீனியம்மாள் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாகத் தூக்குவாளியை நீட்டினாள். ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிச்சோறு.

“இத வச்சுக்கோங்க. எப்ப வருவீக?”

“வாரேன்.”

“தூக்கப் பத்திரமாக் கொண்டாங்க. வீட்டுல வேற தூக்கு இல்ல.”

பஸ் போய்விட்டது. அவள் திரும்பிப் பார்த்தாளா என்று தெரியவில்லை. பின்கண்ணாடியில் ‘மீண்டும் வருக’ என்று பெரிதாக எழுதியிருந்தது.

வெயிலுமுத்துவுக்கு முப்பத்தெட்டாம் இடம் ஒதுக்கினார்கள். ஃபலூடா கடைக்கும் தேவசகாயத்துக்கும் நடுவில், வெயில் படும் இடம். ஒரு மேடை. பக்கத்தில் பலகை: ‘பரவாயில்லை என்று சொன்னவர். தொடக்கூடாது.’

அடுத்த பஸ்ஸில் வந்த ஒரு குடும்பம் அவர் முன்னால் நின்றது.

“முகத்தப் பாரேன், நம்பாத மாதிரியே இருக்கு! சூப்பர்!” என்றாள் ஒரு பெண். எல்லோரும் சூப்பர் என்றார்கள். எல்லோருக்கும் டக் டக்கென்று முத்திரை விழுந்தது. வாய் நிறையச் சொன்னார்கள். ஒருத்தர்கூடத் துப்பவில்லை. அவருக்குத் தலை வலிக்க ஆரம்பித்தது.

“ஏம்மா, சொன்னீகள்ல, திரும்பித் துப்புங்கம்மா” என்றார்.

“பேசுது! சூப்பர்!”

வெயிலுமுத்து மேடையிலிருந்து இறங்கினார். தூக்குவாளியை எடுத்துக்கொண்டார்.

காவல்காரர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “எங்க கிளம்பிட்டீங்க?”

“வீட்டுக்கு.”

“நீங்க இப்போ பார்க்க வேண்டிய இடம்.”

“பரவால்ல.”

“போங்க. எல்லாரும் போய்த்தான் பாக்கறாங்க.” காவல்காரர் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். தேவசகாயத்தின் பல்புகள் ஒருமுறை எரிந்து அணைந்தன.

நேர் ரோடு. வெகுநேரம் நடந்தும் வெயில் இறங்கவில்லை. ஒரு மைல்கல் வந்தது. நகரம் 0 என்று இருந்தது. இன்னும் வெகுதூரம் நடந்தார். அடுத்த கல்லிலும் நகரம் 0.

அதன் பக்கத்தில் ஒரு குழாய் இருந்தது. உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார். புளிச்சோற்றைத் தின்றார். ஓரத்தில் ஒட்டியிருந்த வறுத்த கடலையையும் வழித்துத் தின்றார்.

“எப்படி இருந்துச்சு?” என்றார் காவல்காரர், தூரத்திலிருந்து.

வெயிலுமுத்து எழுந்தார். தூக்குவாளியைக் குழாயில் கழுவினார். மூடியைத் தனியாகக் கழுவினார். கவிழ்த்து உதறினார்.

பிறகு விரலில் எச்சில் தொட்டு, கல்லில் இருந்த பூஜ்யத்தை அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். அழியவில்லை. எழுதினவன் அளக்காமல் எழுதியிருக்கிறான் என்று முடிவுசெய்துகொண்டு, தூக்கை ஆட்டியபடி நடந்தார்.