பெயர் மாறிய மஞ்சள்

நர்ஸம்மா குழந்தையை நீட்டியபோது கிளாட்வின் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டான். அவனுக்குக் காதில் விழவில்லையோ என்று அவள் மறுபடியும், "பொம்பளப் பிள்ளை, வாங்கிக்கிடுங்க" என்றாள். அவன் குனிந்து முகத்தை மட்டும் வெகுநேரம் பார்த்தான். பிறகு கொழுந்தியாள் மெட்டில்டாவிடம், "நீ வாங்கு" என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான். கட்டிலில் கிடந்த பிளாரன்ஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, மெழுகுதிரி ஏற்றாத கோவில் பாக்கியில்லை என்னும்படி வேண்டிப் பிறந்த பிள்ளை அது.

வீட்டுக்கு வந்த பிறகும் அப்படித்தான். தொட்டிலை விட்டு எட்ட நின்று சீட்டியடிப்பான், "ஏளா, அப்பாவப் பாரு" என்பான். அழ ஆரம்பித்தால் பதறிப்போய் மற்றவர்களைக் கூப்பிடுவான். பிளாரன்ஸ் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கூடவே இருந்த தங்கையிடம் மட்டும், "பையன்னு நெனச்சிருப்பாரு" என்றாள்.

மெட்டில்டாவுக்கு அது நம்பும்படி இல்லை. முத்தையாபுரம் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. கிளாட்வினுக்குப் புது ஹார்பரில் சரக்கு இறக்குகிற வேலை. காலையில் பஸ் நிறுத்தம் வரை இருவரும் சேர்ந்துதான் நடப்பார்கள். ஒருநாள் அவள் கேட்டே விட்டாள்.

"மச்சான், பொம்பளப் பிள்ளைன்னு ஒங்களுக்கு வருத்தமா?"

அவன் நின்றான். பதிலுக்கு உள்ளங்கைகளை விரித்துக் காட்டினான். மஞ்சள் அரைத்த கைபோல, நகக்கண் வரைக்கும் மஞ்சள். கப்பல் சரக்கின் சாயம் என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தான்.

"சாயமில்ல. பிள்ளை பொறக்கதுக்கு முந்தி கப்பலுக்குள்ள ஒரு டிரம் ஒடஞ்சிட்டு. பூச்சிமருந்துன்னு சொன்னானுவ. வெறுங்கையாலதான் அள்ளுனோம். நலுங்கு வச்ச மாப்பிள்ளைன்னு எல்லாவனும் கேலி. சோப்பு, புளி, மண்ணெண்ண, எதுக்கும் போவல. ராத்திரியானா மேலெல்லாம் சூடு, வேர்வையா ஊத்துது. இந்தக் கைய வச்சிக்கிட்டு அந்தப் பூவத் தூக்கச் சொல்லுதியா?"

"அக்காட்ட சொல்லலியா?"

"பாலு குடுக்கிறவ. பயந்துருவா."

டிரம்மில் இருந்த பெயரை ஒரு குமாஸ்தாவிடம் சொல்லி சிகரெட் அட்டையில் எழுதி வாங்கி வைத்திருந்தான். அதை அவளிடம் கொடுத்தான். டைநைட்ரோ ஆர்த்தோ கிரெசால்.

நூலகத்தில் ஒரு சுவர் முழுக்கத் தடித்த ரசாயனச் சுருக்கத் தொகுதிகள்தான். உலகத்தில் எங்கே யார் எந்த ரசாயனத்தைப் பற்றி எழுதினாலும் நான்கைந்து வரிச் சுருக்கமாக அதில் வந்துவிடும். தேடுவதற்குப் பின்னிணைப்பாகப் பெயர் அகராதிகள் உண்டு. மெட்டில்டா புதிய தொகுதிகளில் ஆரம்பித்தாள். கிரெசால் என்ற பெயரின் கீழ் அது இல்லை. அடுத்ததிலும் இல்லை. நாற்காலியில் சாய்ந்தாள். யாரும் எதுவும் எழுதவில்லை என்றால் கெடுதல் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? சாயங்காலம் போய் மச்சானிடம் அப்படியே சொல்லிவிடலாம், பிள்ளையைத் தூக்குங்க என்று. சொல்ல வேண்டும்போல்தான் இருந்தது. ஆனால் அவன் வேர்வை நினைவுக்கு வந்தது. பழைய தொகுதி ஒன்றை இறக்கிப் பார்த்தாள். அதில் அந்தப் பெயருக்குக் கீழே ஏகப்பட்ட சுருக்க எண்கள். இத்தனை பேர் எழுதிய பொருளைப் பற்றி உலகம் திடீரென்று எப்படி வாயை மூடிக்கொள்ளும்?

ஆய்வகத்துக் கெமிஸ்ட் எபனேசர் ஏதோ புத்தகம் தேடி வந்தவர், மேஜையெல்லாம் தொகுதிகள் பரந்து கிடப்பதைப் பார்த்து நின்றார். அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"பேர மாத்திட்டாங்கம்மா. சில வருஷம் ஆச்சு. கல்யாணம் முடிச்சா பொம்பளைக்கு இனிஷியல் மாறுதுல்லா, அந்த மாதிரி. இப்ப இவரு ஃபீனால் வீட்டுக்குப் போயிட்டாரு. அங்கன பாருங்க."

ஃபீனாலுக்குக் கீழே இருந்தது. எபனேசர் சாப்பாட்டுக்குப் போகவில்லை. அவர் எண்களைப் படிக்கப் படிக்க அவள் சுருக்கங்களை எடுத்தாள். தோல் வழியாக உடம்புக்குள் போகும். வெயில் காலத்தில் ஆபத்து அதிகம். ஒரு சுருக்கத்தில் வயலில் மருந்தடித்த ஒருவன் காய்ச்சல் கண்டு செத்திருந்தான். அந்த இடத்தில் அவள் விரல் நின்றுவிட்டது. "மேல படிங்க" என்றார் எபனேசர் மெதுவாக. வேலையை நிறுத்தியவர்கள் தேறியிருக்கிறார்கள். தோலில் ஏறிய நிறம் கழுவினால் போகாது, தோல் புதிதாக வளர்ந்தால்தான் போகும். அதற்குக் கீழே இன்னொன்று: போட்டிருந்த துணியில் தூள் தங்கும், அதை வீட்டில் வைக்கக்கூடாது.

அவள் அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.

வீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சேலைத் தொட்டிலுக்குள், பிள்ளைக்கு அடியில், விரித்திருந்தது கிளாட்வினின் காக்கிச் சட்டை. மெட்டில்டா குழந்தையை வாரி எடுத்தாள்.

"தூங்குற பிள்ளைய எதுக்குளா எடுக்க?" என்றாள் பிளாரன்ஸ்.

"இந்தச் சட்டைய யாருக்கா இதுல போட்டா?"

"நாந்தான். நல்லா அலசித்தான் போட்டேன். அவரு தூக்க மாட்டேங்காருல்லா. அப்பன் வாசமாவது பிள்ளைக்கு இருக்கட்டும்னு." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மெட்டில்டா உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். பிளாரன்ஸ் கேட்டுக்கொண்டே பிள்ளையின் முதுகையும் தொடையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் மஞ்சள் இல்லை. சோப்புப் போட்டு இரண்டு தரம் குளிப்பாட்டினாள். கிளாட்வின் வந்ததும் வாசலிலேயே நிறுத்தி, சட்டையைக் கழற்றச் சொல்லி, நனைத்த வெள்ளைத் துணியால் அவன் கைகளைத் தேய்த்தாள். அழுத்தித் தேய்த்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது; பிள்ளைமேல் ஒட்ட ஒன்றும் இல்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?" என்றாள். "நான் என்னத்தையெல்லாமோ நெனச்சிட்டேன்."

அவளே பிள்ளையை அவன் கைகளில் வைத்தாள். முட்டைக் கூடையை வாங்குகிறவன்போல முழங்கையை இறுக்கிக்கொண்டு, நகராமல் நின்றான்.

மறுநாள் எபனேசர் சொன்ன டாக்டர் கிளாட்வினையும் பிள்ளையையும் பார்த்தார். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கிளாட்வினுக்கு மட்டும் வேலையை விட்டு ஓய்வு, நிறையத் தண்ணீர், வெயிலில் தலைகாட்டக் கூடாது. எத்தனை நாள் என்று கேட்டதற்கு அவர் மெட்டில்டா எழுதி வந்திருந்த சுருக்கங்களையே மறுபடி வாங்கிப் படித்தார்.

அன்று சாயங்காலம் கிளாட்வின் தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, கூட அள்ளியவர்களின் வீடுகளுக்கு மெட்டில்டாவை அழைத்துக்கொண்டு போனான். கடைசியில் எல்லோரும் அவர்களில் ஒருவனான சொரிமுத்து வீட்டு முற்றத்தில் கூடிவிட்டார்கள். வாத்தியாரிடம் பிரம்படிக்கு நிற்கிற பிள்ளைகள்போல வரிசையாக மஞ்சள் கைகளை நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் எழுதி வந்ததைப் படித்தாள். செத்தவனைப் பற்றியும் விடாமல் படித்தாள். யாரும் கேலி பேசவில்லை. சட்டைகளைக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது சொரிமுத்து தலையைச் சொறிந்தான்.

"எஞ் சட்டையக் கொடியில போட்டிருந்தா எம் பொண்டாட்டி. ஆடு பாதியத் தின்னுட்டு. ஆட்டப் பத்தி அதுல ஏதும் போட்டிருக்காம்மா?"

"தெரியல அண்ணாச்சி. நாளைக்குப் பாக்கேன்."

எல்லோரும் திரும்பினார்கள். உடைமரத்து நிழலில் நின்ற ஆடு, வாயில் எதையோ அசைபோட்டபடி, அத்தனை பேரையும் ஒரு தரம் பார்த்தது.