ஏற்கெனவே நேர்ஸ்

அன்ரனெற் நேர்ஸாவதற்குப் பல வருசங்களுக்கு முன்பே அவளுடைய கணவன் இக்னேசியஸ் அவளை நேர்ஸாக்கிவிட்டான். அதற்கு அவனுக்குப் படிப்பும் தேவைப்படவில்லை, பரீட்சையும் தேவைப்படவில்லை. புலம்பெயர்ந்து வந்த ஊரான ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த வாரமே, ஞாயிறு பூசை முடிந்து தேவாலய மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றவர்களிடம், "என்ர மனிசி நேர்ஸ்" என்று அவிழ்த்துவிட்டான்.

அவள் செய்தது பராமரிப்பு வேலை. முதியவர்களைக் குளிப்பாட்டுவாள், உடுப்பு மாற்றுவாள், சாப்பாடு ஊட்டுவாள். முதுகு முறிகிற வேலை. அவளுக்கு அதில் எள்ளளவும் வெட்கம் இருக்கவில்லை. வெட்கம் முழுக்க அவனுக்குத்தான்.

"நான் நேர்ஸ் இல்லையப்பா. ஏன் உப்பிடிச் சொல்லுறியள்?"

"ஆர் வந்து பாக்கப் போகினம்? ரெண்டும் ஒண்டுதான்."

ரெண்டும் ஒன்றல்ல என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு கிழவரின் மூச்சு மாறுவதைக் கண்டால் ஓடிப்போய் நேர்ஸைக் கூப்பிடலாம். அதற்குப் பிறகு ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். அப்படி ஒதுங்கி ஒதுங்கி நின்றே அவளுக்கு நேர்ஸாகும் ஆசை வந்தது. நாற்பது வயதில் விண்ணப்பித்தாள். நாலு வருச நேர்சிங் படிப்புக்கு இடமும் கிடைத்தது.

இக்னேசியஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். "விசர் வேலை பாக்காதை. நேர்ஸ் எண்டு எல்லாருக்கும் தெரிஞ்ச ஆள், இப்ப நேர்சிங் படிக்கப் போறாள் எண்டால் சனம் என்ன நினைக்கும்?"

"நீங்கள் பொய் சொன்னனீங்கள் எண்டு நினைக்கும்."

அதைத் தாங்கிக்கொள்ள அவனால் முடியுமா என்ன? மனிசி மனேஜ்மென்ற் கோர்ஸ் செய்கிறாள் என்று மண்டபத்தில் அடுத்த கதையை விட்டான். வீட்டில் சண்டை வேண்டாமே என்று அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

முதல் வருசத்தில் ஒரு நாள், நேர்ஸ்மார் சபையில் பதிவில்லாதவர் தன்னை நேர்ஸ் என்று சொல்லிக்கொள்வது இந்த மாகாணத்தில் சட்டப்படி குற்றம் என்று ஆசிரியை சொன்னார். அன்ரனெற் அதைக் கொப்பியில் எழுதி அடிக்கோடிட்டாள். வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னாள்: "நாளைக்கு ஆரும் ஒரு முறைப்பாடு குடுத்தால், படிச்சு முடிச்சாலும் எனக்குப் பதிவு தராயினம்."

"நீயோ சொன்னனி? நான்தானே சொன்னனான்" என்று சொல்லிச் சிரித்தான் அந்த மகராசன்.

வீடு இருந்த விட்பியிலிருந்து விடிய முன் ரயில் ஏறினாள். சனி ஞாயிறுகளில் பழைய வேலை. பயிற்சிக்குப் போன ஆஸ்பத்திரியில் முதல் தடவை ஊசி போட்டதைக்கூடத் தெரிந்தவர்கள் யாரிடமும் சொல்ல முடியவில்லை. நேர்ஸுக்கு ஏது முதல் ஊசி? கடைசிப் பரீட்சையில் சித்தியடைந்த செய்தி வந்ததும் குசினிக்கு ஓடினாள். இக்னேசியஸ் அடுப்பைத் தணித்துவிட்டு, "சத்தம் போடாதை. கீழை பேஸ்மென்ற்றிலை வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேக்கும்" என்றான். இப்படி ஒரு மனிதனோடு என்ன செய்வது?

பதிவு கிடைத்து மூன்றாவது வாரம், அதே மண்டபத்தில், பூசைக்குத் தவறாமல் வரும் கிளடிஸ் அன்ரி தன் பேத்தி லக்சிகாவின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்.

"இவளுக்கு நேர்சிங் படிக்க விருப்பமாம், பிள்ளை. நீர்தானே பழம் தின்று கொட்டை போட்ட ஆள். சொல்லும், எத்தினை வருசமா நேர்ஸாயிருக்கிறீர்?"

பக்கத்தில் நின்ற இக்னேசியஸ் அவசரமாக வாயைத் திறந்தான். அன்ரனெற் முந்திக்கொண்டாள்.

"மூண்டு கிழமை, அன்ரி."

"மனிசி பகிடி விடுறா" என்றான் இக்னேசியஸ்.

"பகிடி இல்லை. அதுக்கு முதல் வயசு போன ஆக்களைக் குளிப்பாட்டி, துடைச்சு, சாப்பாடு குடுத்தனான். அது நல்ல வேலை. ஆனால் அது நேர்ஸ் வேலை இல்லை. பிறகு நாலு வருசம் படிச்சனான். ஒருத்தரும் எனக்கு வாழ்த்துச் சொல்லேல்லை, அன்ரி. ஏற்கெனவே நேர்ஸாயிருக்கிறவளுக்கு ஆர் வாழ்த்துச் சொல்லுவினம்?"

அவள் குரல் உயரவில்லை. ஆனாலும் அடுத்த மேசையில் இருந்தவர்கள் தலையை நிமிர்த்தினார்கள். கிளடிஸ் அன்ரி மெல்ல இக்னேசியஸின் பக்கம் திரும்பினார்.

"நீராவது வாழ்த்துச் சொன்னீரோ, தம்பி?"

அவன் சட்டைப் பையிலிருந்து கார்த் திறப்பை எடுத்துக் குலுக்கினான். "வா, போவம். நேரமாச்சு."

"நீங்கள் போங்கோ. நான் ரயிலிலை வாறன். இந்தப் பிள்ளையோடை கதைக்கோணும்." பிறகு அவனை நேராகப் பார்த்தாள். "போக முதல் இவைக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போங்கோ, நான் ஆர் எண்டு."

இத்தனை வருசமும் அந்த மண்டபத்தில் தண்ணி பட்ட பாடாக அவன் வாயில் வந்த சொல், உண்மையாகிவிட்ட பிறகு வரவில்லை. அவன் திறப்பை உருட்டிக்கொண்டு நின்றான். அன்ரனெற் கதிரையை இழுத்து லக்சிகாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.