சம்பந்தியின் கணுக்கால்

காரியம் ஆக வேண்டுமென்றால் காலைப் பிடிக்கிறவர்கள் உலகத்தில் ஏராளம். ஆனால் பெண்ணைக் கொடுத்த தகப்பன், மாப்பிள்ளையின் தகப்பனாருடைய இரண்டு கணுக்காலையும் ரப்பர் விரிப்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆறு, ஏழு, இன்னும் கொஞ்சம் எழுந்திருங்க சம்பந்தி" என்று எண்ணிக்கொண்டிருக்கும் காட்சியை அந்த ஜிம்மில்தான் பார்க்க முடியும். பிடித்திருந்தவர் லிஃப்ட் மெக்கானிக். படுத்துப் படுத்து எழுந்துகொண்டிருந்தவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இருவருக்கும் ஐம்பதைத் தாண்டிய வயது, இருவருக்கும் சொல்லிக்கொள்ளும்படியான தொப்பை. எப்படி இந்த நிலைமைக்கு வந்து சேர்ந்தோம் என்று இருவரும் திருதிருவென்று முழித்தார்கள்.

மெக்கானிக்கின் மகள் பெட்டியோடு பிறந்த வீட்டுக்கு வந்து மூன்று மாதமாகிவிட்டது. ஏன் வந்தாள் என்று அவருக்குத் தெரியாது. கேட்காமல் இல்லை. "சும்மா கொஞ்ச நாள் இருக்கலாம்னு வந்தேன்ப்பா" என்றாள். மனைவியைக் கேட்டால், "அவளா சொல்லுவா, நீங்க நோண்டாதீங்க" என்றாள். சமையலறையில் இருவரும் குசுகுசுவென்று பேசுவார்கள். இவர் தலையைக் கண்டதும் மிக்ஸி ஓட ஆரம்பிக்கும். சரி, மாப்பிள்ளையிடமே கேட்போம் என்று போன் போட்டால், "நான் நல்லா இருக்கேன் மாமா, உங்க முட்டி வலி எப்படி இருக்கு?" என்று அன்பாக ஆரம்பித்து அன்பாகவே வைத்துவிடுவான். சண்டை போட்டவன் இப்படியா பேசுவான்? அவள் திரும்பிப் போவாளா, மாட்டாளா? மனுஷருக்கு மண்டை காய்ந்தது.

அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் வைத்திருந்தார். இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோய் ஆள் மாட்டிக்கொண்டால், கருவிப் பையைத் திறப்பதற்கு முன்னால் கதவருகே போய்க் குரல் கொடுப்பார். "பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன். கரண்ட் போயிருக்கு, அவ்வளவுதான். இப்ப கையால இறக்கப் போறேன், லேசா ஆடும்." என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால் மனிதன் எவ்வளவு நேரமும் பொறுத்துக்கொள்வான். தெரியாமல் நிற்கிறவன்தான் கதவை உதைப்பான். இப்போது சொந்த வீட்டில் கதவை உதைக்கிற நிலைமையில் அவர் இருந்தார், குரல் கொடுக்கத்தான் ஆளில்லை.

அந்த ஜிம் இருந்த கட்டடத்தின் லிஃப்டும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. ஒருநாள் சாயங்காலம் கதவு சென்சாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பயிற்சி கொடுக்கும் பெண் வந்து நின்றாள். கழுத்தில் எந்நேரமும் விசில் தொங்கும். "ஊரையெல்லாம் மேல ஏத்துறீங்க, நீங்க ஒரு மாடி ஏறினா மூச்சு வாங்குது. கிளாஸுக்கு வாங்க அங்கிள், முதல் வாரம் ஃப்ரீ" என்றாள். வீட்டில் மிக்ஸி சத்தம் கேட்பதற்கு இது தேவலை என்று சேர்ந்துவிட்டார்.

முதல் நாள் நடந்தது வகுப்பா தண்டனையா என்பதே அவருக்கு விளங்கவில்லை. விழுந்து படுக்கச் சொன்னாள். படுத்தவுடன் எழுந்து குதிக்கச் சொன்னாள். குதித்தவுடன் மறுபடி படு என்றாள். இதற்குப் பர்ப்பி என்று பெயராம். எதற்காகப் படுத்தோம், படுத்ததில் என்ன குறை கண்டு எழுப்புகிறார்கள் என்று சுற்றியிருந்த இளவட்டங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அப்புறம் பிடி வைத்த இரும்புக் குண்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு சுவர் வரை போய், அங்கே வைக்காமல், திரும்பக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி. ஜோடி ஜோடியாகத்தான் பயிற்சி. ஒருவர் செய்ய மற்றவர் எண்ண வேண்டும். எண்ணிக்கை தப்பினால் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பம்.

அடுத்த வாரம் வகுப்புக்குப் போனால், புத்தம் புதிய பனியனில் சம்பந்தி நின்றுகொண்டிருந்தார்.

மெக்கானிக்கிற்குக் கை கால் ஓடவில்லை. "வாங்க சம்பந்தி" என்றார், ஏதோ ஜிம் தன் வீடு போல. "இருக்கட்டும் சம்பந்தி, இருக்கட்டும்" என்றார் அவரும். பயிற்சிப் பெண் இருவரையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அண்ணன் தம்பியா?" என்று கேட்டாள். "இல்லம்மா, நாங்க சம்பந்திங்க" என்று டிரைவிங் ஸ்கூல்காரர் பெருமையாகவே சொன்னார். அவள் உடனே இருவரையும் ஜோடி சேர்த்துவிட்டாள். எடையும் வயதும் ஒத்துப்போனதாம்.

மெக்கானிக் இரவெல்லாம் யோசித்தார். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஜிம் இருக்க, இந்த மனுஷர் எதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டும்? வேவு பார்க்க வந்திருக்கிறாரா, சமாதானம் பேச வந்திருக்கிறாரா? பேச வந்திருந்தால் பேச வேண்டியதுதானே? அவரோ டயர் காற்று, மழை, முட்டி வலிக்கு எந்தத் தைலம் என்று எல்லாவற்றையும் பேசினாரே தவிர, அந்த ஒரு விஷயத்தை மட்டும் தொடவில்லை. இவரும் தொடவில்லை. பெண்ணைக் கொடுத்தவர் முதலில் வாயைத் திறந்தால் மட்டமாகிவிடுமோ என்று ஒரு வீறாப்பு. திறக்காவிட்டால் காரியம் கெட்டுவிடுமோ என்று ஒரு பயம். இரண்டையும் மென்று முழுங்கிக்கொண்டு கணுக்காலைப் பிடித்தார்.

ஓட்டப் பயிற்சி அதைவிடக் கூத்து. பூங்காவைச் சுற்றி ஓடச் சொன்னால், மாப்பிள்ளை வீட்டாரை முந்தக் கூடாது என்று இவர் அரையடி பின்னால் ஓடுவார். பெண்ணைக் கொடுத்தவரைப் பின்னால் விட்டுப் போவது மரியாதை இல்லை என்று அவர் வேகத்தைக் குறைப்பார். அதைப் பார்த்து இவர் இன்னும் குறைப்பார். இப்படி மாற்றி மாற்றிக் குறைத்து இருவரும் கிட்டத்தட்ட நின்றேவிடுவார்கள். "இது ஓட்டமா, ஊர்வலமா?" என்று பயிற்சிப் பெண் விசிலை ஊதுவாள். விசில் கேட்டால் போதும், டிரைவிங் ஸ்கூல்காரரின் வலது கால் இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தும்.

இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப்பந்தயத்தில் சேர்ந்ததும் இந்த மரியாதையால்தான். "யாரெல்லாம் வர்றீங்க?" என்று அவள் கேட்டாள். "சம்பந்தி ஓடினா நானும் ஓடறேன்" என்றார் மெக்கானிக், அவர் மாட்டேன் என்பார் என்ற நம்பிக்கையில். "சம்பந்தியே சொன்னப்புறம் நான் எப்படி மாட்டேன்னு சொல்றது?" என்றார் அவர். இரண்டு பேர் பெயரும் ஏறிவிட்டது.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாரங்கள் போகப் போக, மெக்கானிக்கின் மனசுக்குள் ஆசை துளிர்விட ஆரம்பித்தது. அவர் காலில் கொப்புளம் பார்த்த மகள், "மாமாவுக்கும் இப்படித்தான் இருக்காப்பா?" என்று கேட்டாள். மாமனார் மேல் அக்கறை இருக்கிறதே! ஒரு ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி அவரை எல் போர்டு மாட்டிய காரில் வீட்டு வாசலில் இறக்கிவிட வந்தார். இருவருக்கும் தொடை பிடித்துக்கொண்டதால் காரைவிட்டு இறங்க முடியவில்லை. ஒருவர் காலை ஒருவர் வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். மாடியில் நின்று மகளும் சிரித்தாள். சிரித்தவள் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சிரிக்கிற பெண் எதற்கு முகத்தைத் துடைக்க வேண்டும்? அவருக்குப் புரியவில்லை. நல்லதற்குத்தான் என்று வைத்துக்கொண்டார்.

பந்தய நாளன்று பாதி தூரம் வரை பேச்சில்லாமல் ஓடினார்கள். பிறகு ஒரு மேம்பாலம் வந்தது. ஏற்றத்தில் நாக்குத் தள்ளியது. கூட ஓடியவர்களெல்லாம் முன்னால் போய்விட, பாலத்தின் மேல் இவர்கள் இருவர்தான். களைப்பில் மெக்கானிக்கிற்கு வீறாப்பும் விட்டுப்போனது, பயமும் விட்டுப்போனது.

"சம்பந்தி, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"உங்க பையனுக்கும் என் பொண்ணுக்கும் என்னதாங்க பிரச்சினை?"

டிரைவிங் ஸ்கூல்காரர் பிரேக் அடித்தது போல நின்றார். "என்னையா கேக்கறீங்க? அதை உங்க வாயிலிருந்து வாங்கத்தானே நான் அந்தப் பாழாப்போன கிளாஸ்லயே சேர்ந்தேன்!"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு யார் சொல்றா? நான் உள்ளே போனா என் பையன் காதுல ஹெட்போனை மாட்டிக்கறான். உங்க பொண்ணு உங்ககிட்ட சொல்லியிருப்பா, நீங்கதான் கல்லுளிமங்கனாட்டம் கமுக்கமா இருக்கீங்கன்னு நினைச்சேன்."

"நானும் உங்களை அப்படித்தான் நினைச்சேன்."

"அப்ப நான் குதிச்ச குதியெல்லாம்?"

"எல்லாம் வீண்தான் சம்பந்தி."

இருவரும் பாலத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் கோபம் வந்தது, அப்புறம் சிரிப்பு வந்தது. யாரோ மயங்கி விழப் போகிறார்கள் என்று தண்ணீர் கொடுப்பவர்கள் ஓடி வந்தார்கள். சிரிப்பு அடங்கியதும் டிரைவிங் ஸ்கூல்காரர் மெதுவாகச் சொன்னார்: "அவ இல்லாம வீடு வீடா இல்லை சம்பந்தி. நான் காரைப் பின்னால எடுக்கறப்ப ஜன்னல்ல நின்னு, 'இடிக்கப் போறீங்க மாமா, இடிக்கப் போறீங்க'ன்னு கத்துவா. ஊருக்கே ஓட்டச் சொல்லித்தர்ற எனக்கு! இப்ப யாரும் கத்தறதில்லை. போன வாரம் கேட்டுல இடிச்சுட்டேன்."

இன்றைக்கே பிள்ளைகள் இரண்டு பேரையும் உட்கார வைத்து நேரடியாகக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அங்கிருந்து கடைசிவரை, முந்தாமலும் பிந்தாமலும், தோளோடு தோள் சேர்ந்து ஓடினார்கள்.

எல்லைக் கோட்டில் மறுபடி பழைய கதை. "நீங்க முதல்ல போங்க." "சேச்சே, நீங்க பொண்ணைக் கொடுத்தவங்க." "நீங்க மாப்பிள்ளை வீடு." மைக் பிடித்தவன், "யாராவது ஒருத்தர் உள்ளே வாங்கய்யா!" என்று கத்தினான். கடைசியில் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சேர்ந்தே தாண்டினார்கள்.

கோட்டுக்கு அந்தப் பக்கம் மகளும் மாப்பிள்ளையும் நின்றிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில், ஒரே பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துக்கொண்டு. மகள் ஓடிப்போய் மாமனாரிடம் தண்ணீரைக் கொடுத்தாள். மாப்பிள்ளை குனிந்து மெக்கானிக்கின் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டான். 'அப்பாடா, விடிந்தது' என்று நினைத்துக்கொண்டார் மெக்கானிக். நாம் ஓடிய ஓட்டம் வீண் போகவில்லை என்று சம்பந்தியைப் பார்த்தார். அவர் முகமும் அதையேதான் சொன்னது.

கார் நிறுத்துமிடத்து நிழலில் நால்வரும் உட்கார்ந்தார்கள். மகள்தான் பேசினாள்.

"அப்பா, மாமா, நாங்க பிரிஞ்சிடறதா முடிவு பண்ணிட்டோம்."

மெக்கானிக்கிற்குக் காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. "எப்ப? இப்பதானே சேர்ந்து நின்னீங்க?"

"அவ பெட்டி எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடியே முடிவானது மாமா" என்றான் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"யார் என்ன தப்பு செஞ்சீங்க?" என்றார் டிரைவிங் ஸ்கூல்காரர்.

"யாரும் செய்யலை மாமா. தப்புன்னு ஒண்ணு இருந்திருந்தா ஒரே வரியில சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் எவ்வளவோ முயற்சி பண்ணிட்டோம். சேர்ந்து வாழ முடியலை."

"அப்ப இத்தனை மாசமா ஏன் சொல்லலை?" மெக்கானிக்கின் குரல் உயர்ந்துவிட்டது.

"வந்தவுடனே வாய் வரலைப்பா. சொல்லிடலாம்னு நினைச்ச வாரம் மாமா உங்க கிளாஸ்ல சேர்ந்துட்டாங்க. அப்புறம் நீங்க ரெண்டு பேரும் எல் போர்டு கார்ல சிரிச்சுக்கிட்டு வந்து இறங்கறீங்க. நீங்க அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை. எப்படிப்பா சொல்றது? இந்த ஓட்டம் முடியட்டும்னு இவர்தான் சொன்னார்."

எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்று இருவரும் ஓடினார்களோ, அதை அவர்கள் ஓடிக்கொண்டிருந்ததால்தான் யாரும் சொல்லவில்லை. இதற்கு அழுவதா, கோபப்படுவதா? நான்கு அதட்டல் போட வாயைத் திறந்த மெக்கானிக், மகளின் கையைப் பார்த்துவிட்டார். பாட்டில் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தும் அவளால் மூட முடியவில்லை. நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டது தானென்று அல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தார்! அவர் பாட்டிலை வாங்கி மூடிக் கொடுத்தார்.

"பயப்படாதே, அப்பா இங்கதான் இருக்கேன்" என்றார். தினமும் யார் யாருக்கோ சொல்கிற வார்த்தைதான். அதற்குமேல் அவருக்கு எதுவும் தெரியவில்லை, எதுவும் விளங்கவும் இல்லை. டிரைவிங் ஸ்கூல்காரர் மட்டும் எழுந்து போய்த் தன் காரின் எல் போர்டை வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

இரண்டு வாரம் மெக்கானிக் வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை. மூன்றாவது வாரம் கால்கள் தாமாகவே போய்விட்டன. உள்ளே நுழைந்தால், தூணோரமாக அதே பனியனில் அவரும் நின்றுகொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை.

"ஜோடி சேருங்க!" என்று பயிற்சிப் பெண் விசிலை ஊதினாள். ஆளாளுக்குத் தங்கள் ஜோடியைக் கூப்பிட்டார்கள். மெக்கானிக்கும் வாயைத் திறந்தார். பழகிய வார்த்தை தொண்டை வரை வந்து நின்றுவிட்டது. இனி அப்படிக் கூப்பிடலாமா? அவருடைய பெயர் தெரியும், கல்யாணப் பத்திரிகையில் அச்சடித்த பெயர்தான். ஒரு தடவைகூட அதை வாயால் சொன்னதில்லை. சார் என்று கூப்பிடுவதா? கணுக்காலைப் பிடித்துவிட்டு எப்படிச் சார் என்பது?

அவர்தான் வந்தார். விரிப்பில் படுத்து, முழங்காலை மடக்கி, கூரையைப் பார்த்தார்.

"பிடிங்க சம்பந்தி" என்றார். சொல்லிவிட்டு அவரே திகைத்துப்போனார். "வேற என்னன்னு கூப்பிடறது? எனக்குத் தெரியலை."

"எனக்கும் தெரியலை" என்றார் மெக்கானிக். குனிந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். ஏழா எட்டா என்று குழம்பியது. கண் வேறு மறைத்தது.

"தப்பிடுச்சு சம்பந்தி" என்றார்.

"பரவாயில்லை. ஒண்ணுல இருந்து எண்ணுங்க."