பன்னிரண்டு டிகிரி

அவனுக்கு டிகிரி என்று பேர் வைத்தது அவனுடைய அக்காதான். பத்தாம் வகுப்பில் இரண்டு தடவை கோட்டை விட்டவனுக்கு அந்தப் பேர் எப்படி வந்தது என்று கடைக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். "சட்டைப்பையில பேனாவுக்குப் பதிலா தெர்மாமீட்டர் வச்சிருக்கறவனை வேற எப்படிக் கூப்பிடறது?" என்பாள் அக்கா.

பீர்க்கடை அக்காவுடையது. அதன் அடியிலிருந்த நிலவறை இவனுடைய ராஜ்ஜியம். வெளிர் பீருக்கு நாலு டிகிரி, கோதுமை பீருக்கு ஏழு, கறுப்பு பீருக்குப் பன்னிரண்டு. இதில் அரை டிகிரி கூடினாலும் குறைந்தாலும் அவன் முகம் சுருங்கிவிடும். ஒருமுறை கறுப்பு பீரில் ஐஸ் போட்டுக் கேட்டவரிடம், "அதுக்கு நீங்க தண்ணியே குடிச்சிருக்கலாமே சார்" என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஆனாலும் அவன் சொன்னதில் தப்பில்லை. ரொம்பக் குளிர்ந்தால் கறுப்பு பீரின் வாசனை செத்துப்போகும், சூடானால் இருமல் மருந்து மாதிரி ஆகிவிடும். அதனால் நிலவறையைக் குளிரூட்டி எப்போதும் பன்னிரண்டில் வைத்திருக்கும். மற்ற பீர்கள் குழாய் வழியாக மேலே ஏறும்போது குளிர்பெட்டிக்குள் சுற்றி இன்னும் குளிர்ந்து வரும்.

அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த நாளாகப் பார்த்து மத்தியானம் பீர் ஆலையிலிருந்து ருசி பார்க்கிறவர் வருவதாக இருந்தது. கறுப்பு பீரைச் சரியான பதத்தில் கொடுக்கிற கடைகளுக்குத்தான் இனிமேல் சரக்கு என்று ஆலை சொல்லிவிட்டது. காலையில் நிலவறையில் தெர்மாமீட்டர் பதினைந்து காட்டியது.

காரணம் அவனுக்குத் தெரியும். நிலவறைச் சுவரின் அடியில் ஒரு துளை. அதிலிருந்து ஒரு குழாய் பின்சந்துக்குப் போகிறது. குழாயில் இருக்கும் சின்ன விசிறி உள்காற்றை வெளியே இழுக்க இழுக்க, கதவிடுக்கு வழியாகத் தெருவின் அனல் உள்ளே வருகிறது. அவன் விசிறியை அணைத்தான். அது போதாதென்று பின்சந்துக்குப் போய் ஒரு சாக்கைச் சுருட்டிக் குழாயின் வாயில் திணித்தான். பதினொரு மணிக்கு தெர்மாமீட்டர் பன்னிரண்டுக்கு வந்தது. என்னமோ மலையைப் புரட்டிவிட்டவன் போல விசிலடித்துக்கொண்டு மேலே வந்து தம்ளர் கழுவ ஆரம்பித்தான்.

அந்தக் குழாயைப் போட்ட அன்றைக்கே கேஸ் மெக்கானிக் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். "பீரை மேல தள்ளுற கேஸ் கண்ணுக்குத் தெரியாது தம்பி. காத்தை விடக் கனம். கசிஞ்சா தரையில போய் உக்காந்துக்கும். ஒருத்தர் விழுந்தா, தூக்கப் போறவரும் விழுவாரு. இந்த ஓட்டையை மட்டும் எந்தக் காலத்துலயும் அடைச்சிடாதீங்க." டிகிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருந்தான். இரண்டு மணி நேரம்தானே என்று இன்றைக்குத் தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டான்.

பதினொன்றே முக்காலுக்கு ஒத்திகை பார்க்கலாம் என்று கறுப்பு பீர்க் குழாயைத் திருகினான். பீர் நூலாக ஒழுகிற்று. நுரை கட்டவில்லை. கோதுமை பீரைத் திருகினான். அதுவும் அப்படியே. கேஸ் அழுத்தம் இல்லை. சிலிண்டர் காலியாகியிருக்கும் என்று நினைத்தவன், அப்படியே நின்றுவிட்டான். நேற்றுச் சாயங்காலம்தான் அவன் கையாலேயே புது சிலிண்டர் மாட்டியிருந்தான். மூன்று வாரத்துக்கு வர வேண்டிய கேஸ் ஒரே நாளில் எங்கே போயிற்று?

"பாப்பா, அம்மா எங்க?" என்றான்.

மேசை துடைத்துக்கொண்டிருந்த அக்கா மகள் நிமிர்ந்தாள். இருபத்தாறு வயதாகியும் அவள் வீட்டில் பாப்பாதான். "கீழ போச்சு மாமா. பீர் வரலைன்னு பீப்பாய் மாத்தப் போச்சு. பத்து நிமிஷம் இருக்கும்."

டிகிரி ஓடிப்போய் நிலவறைக் கதவைத் திறந்தான். "அக்கா!" கீழே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எங்கோ உஸ்ஸென்று சத்தம். கடைசிப் படியில் அக்காவின் ஒரு கால் தெரிந்தது. செருப்பு கழன்று தனியாகக் கிடந்தது.

ஐந்து படி இறங்கியிருப்பான். மூக்குக்குள் ஊசி குத்தியது போல் சுரீரென்றது. மூச்சு நாய்க்கு இரைப்பது போல இரைத்தது, தலை சுற்றியது. கைப்பிடிச் சுவரைப் பிடித்துத் தத்தித் தத்தி மேலே வந்து விழுந்தான். அவனுக்குப் பயம். அக்கா செத்துவிடுவாளோ என்ற பயம் ஒரு பக்கம், தானும் செத்துவிடுவோம் என்ற பயம் ஒரு பக்கம். இரண்டில் எது பெரியது என்று அந்த நேரத்தில் அவனைக் கேட்டிருந்தால் அவனுக்கே தெரிந்திருக்காது.

"தீயணைப்புக்குப் போன் பண்ணு. கேஸ் கசிவு, கீழ ஆள் விழுந்திருக்குன்னு சொல்லு" என்று கத்திக்கொண்டே விசிறியைப் போட்டான். பின்சந்துக்கு ஓடிச் சாக்கைப் பிடுங்கி எறிந்தான். சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, நடைபாதையில் பீப்பாய் இறக்குகிற இரும்புக் கதவு இரண்டையும் பெயர்த்துத் திறந்தான். நகம் பிய்ந்தது பிறகுதான் தெரிந்தது.

திரும்பி உள்ளே வந்தபோது பாப்பா முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு படியில் கால் வைத்துவிட்டாள். பாய்ந்து பிடித்து இழுத்தான்.

"விடு மாமா. அம்மா கீழ கிடக்குது."

"துணி கட்டினாலும் நிக்காது பாப்பா. நீயும் விழுவே."

"நீ பயந்தாங்கொள்ளி. நீ போகலைன்னா நான் போறேன், விடு."

அவள் உதைத்தாள், கையைக் கடித்தாள், வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் இரண்டு கையாலும் அவளை இடுப்போடு கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். விடவில்லை. அவள் திட்டியது அவனுக்கு உறைக்கவே இல்லை. அதைவிடப் பெரிய திட்டு அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. தன்னைத் தூக்கி வளர்த்தவளைத் தானே ஒரு பெட்டிக்குள் போட்டு மூடியாகிவிட்டது. அந்தக் கால் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தான். அசையவில்லை.

வண்டி வர ஒன்பது நிமிடம் ஆயிற்று. முகமூடி போட்ட இரண்டு பேர் இறங்கி அக்காவைத் தூக்கி வந்து நடைபாதையில் கிடத்தினார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆக்ஸிஜன் முகமூடியை மூக்கில் வைத்து அழுத்தினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அக்கா இருமினாள். கண்ணைத் திறந்து சுற்றிலும் தேடினாள். "தம்பி... கீழ வந்துட்டானா?" என்றாள்.

"இல்லம்மா, இங்கதான் இருக்காரு" என்று பாப்பா ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே வந்து டிகிரியின் சட்டையைப் பற்றிக்கொண்டு அவன் தோளில் முகத்தைப் புதைத்தாள். "தப்பா பேசிட்டேன் மாமா. நீ மட்டும் பிடிக்கலைன்னா நானும் போயிருப்பேன்."

தீயணைப்பு அதிகாரி பின்சந்திலிருந்து சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். "வால்வுல கசிவு இருந்திருக்கு. அது எங்கயும் நடக்கறதுதான். ஆனா இந்தக் குழாய் திறந்திருந்தா அந்த அம்மாவுக்குத் தலைவலியோட போயிருக்கும். யாரு இதை அடைச்சது?"

"தெருவுல போற யாராவது வேலையத்துப் போட்டிருப்பாங்க சார்" என்றாள் பாப்பா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "எங்க மாமாதான் ஓடிப்போய் அதைப் பிடுங்கினாரு. அவராலதான் அம்மா உசிரோட இருக்காங்க."

அதிகாரி தலையை ஆட்டி எழுதத் தொடங்கினார். டிகிரி சும்மா இருந்தால் போதும். அவ்வளவுதான் வேலை. அக்கா படுத்தபடியே அவனைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று டிகிரிக்குப் புரிந்தது. சொல்லாதே என்பது போல அவள் மெதுவாகத் தலையை இடமும் வலமும் அசைத்தாள்.

நிலவறைப் படியில் வந்ததைவிடப் பெரிய பயம் இப்போதுதான் வந்தது.

"நான்தான் சார் அடைச்சேன்" என்றான். "பீர் சூடாகக் கூடாதுன்னு."

அவன் சட்டையைப் பிடித்திருந்த பாப்பாவின் கை, ஒவ்வொரு விரலாக விட்டது.