நாலு நிமிடத்துக்கு ஒருமுறை

தரைப்பலகையைத் தூக்கியதும் ஹெலன் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிறுசேரியில் ஒரு பெரிய அலுவலகத்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஆறு வருடமாகப் பம்பு பார்க்கிறவள் அவள். நாலாயிரம் பேரின் கழிவை முகர்ந்து பழகிய மூக்கு. அந்த மூக்கே வேண்டாம் என்றது. எஞ்சின் ஆயில், உப்புத் தண்ணீர், அதற்கும் கீழே ஏதோ இனிப்பாக அழுகிய வாடை. அந்த இனிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

"இன்னாண்ணா வச்சிருக்க உள்ள? பொணம் கிணம் கீதா?"

"பழைய போட்டும்மா. அப்டிதான் இருக்கும்," என்றான் அண்ணன் ஸ்டான்லி. கரையில் குந்திக்கொண்டு, கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைக் கைக்குட்டை.

சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வேனைப் பத்து வருடம் ஓட்டியவன், போன மாதம் வேலையை விட்டான். ஒரு ரிசார்ட் கழித்துக்கட்டிய பத்துப் பேர் அமரும் ஃபைபர் படகை வாங்கி முட்டுக்காட்டு உப்பங்கழியில் கட்டினான். இன்று மாலை நான்கு மணிக்குச் சோதனை அதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால் சனிக்கிழமையே ஆட்களை ஏற்றலாம். போடாவிட்டால் அடுத்த சோதனை பொங்கலுக்கு அப்புறம். அடித்தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்பு ஓடாத படகுக்குக் கையெழுத்து கிடையாது. அது ஓடவில்லை.

எந்தப் படகிலும் தண்ணீர் சேரும். அலை தெறிக்கும், மழை பெய்யும், ஏறுகிறவர்கள் காலோடு கொண்டுவருவார்கள். எல்லாம் பலகைக்கு அடியிலுள்ள பள்ளத்தில் போய்த் தங்கும். அங்கே ஒரு சொம்பு அளவுக்குப் பம்பும், பக்கத்தில் ஒரு மிதவையும் உட்கார்ந்திருக்கும். வீட்டு மாடித் தொட்டியில் மிதவை மேலே வந்தால் மோட்டார் நிற்கும். இங்கே நேர்மாறு. தண்ணீர் ஏறினால் மிதவை எழும், மோட்டார் ஓடும். தண்ணீர் வடிந்தால் மிதவை படுக்கும், மோட்டார் நிற்கும். படகில் ஆளே இல்லாவிட்டாலும் நடக்கிற காரியம். ஹெலனுக்கு இப்படிப்பட்ட சாமான்கள் மேல் தனிப் பிரியம்.

பேட்டரியைப் பார்த்தாள். பன்னிரண்டு வோல்ட், சரி. ஃப்யூஸ் கருகியிருந்தது. புதிதாகப் போட்டு சுவிட்சைத் தட்டினாள். பள்ளத்துக்குள் ஏதோ முனகியது, உடனே அந்த ஃப்யூஸும் போனது.

"போச்சா?" என்றான் ஸ்டான்லி.

"நல்லதாப் போச்சு. கரண்டு வருது, மோட்டாரும் சாவல. சுத்தணும்னு பாக்குது, எதுவோ புடிச்சிக்கினு கீது."

சுற்ற முடியாத மோட்டார் சும்மா இருக்காது. மின்சாரத்தை அள்ளி அள்ளிக் குடிக்கும். ஒயர் எரிந்துபோகாமல் இருக்க ஃப்யூஸ் முந்திக்கொண்டு செத்துப்போகும். ஆக, கோளாறு தண்ணீருக்கு அடியில். கையை விட்டுத்தான் ஆகவேண்டும்.

கையுறை மணிக்கட்டு வரைதான். தண்ணீர் முழங்கை வரை வந்தது. கையுறைக்குள் அது வெதுவெதுப்பாக இறங்கியபோது அவளுக்கு உடம்பு கூசியது. செக்கச்செவேலென்ற குழம்பு. நார் நாராக ஏதோ விரலைச் சுற்றியது. இழுத்தால் பிய்ந்து, கொழகொழவென்று வழுக்கி, திரும்ப ஒட்டியது. செத்த மீனின் குடல் என்று நினைத்தாள். ஒரு பிடியை அள்ளி வெளிச்சத்தில் பார்த்தாள். தட்டை தட்டையாக வெள்ளை விதைகள். படகின் ஓரத்தில் தலையை நீட்டி, வாய் நிறைய ஊறிய எச்சிலைத் துப்பிவிட்டு வந்தாள்.

பம்பைத் திருகிக் கழற்றினாள். அதன் அடியில் குப்பையைத் தடுக்கும் சல்லடைக் கூடு, கம்பிகள் இரண்டு உடைந்து வாயைப் பிளந்திருந்தது. உள்ளே, தண்ணீரைச் சுழற்றி வெளியே வீசும் சின்னச் சக்கரம். சக்கரத்துக்கும் சுவருக்கும் நடுவே, ஆப்பு அடித்ததுபோல், ஒரு ரூபாய் நாணயம். அதன் மேல் குங்குமம் அப்பியிருந்தது.

ஹெலன் நாணயத்தைப் பார்த்தாள். விதைகளைப் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள்.

"பூசணிக்கா சுத்துனியா?"

ஸ்டான்லி கழியைப் பார்த்தான். "முன்னாடி பாஸ்டரு ஜெபம் பண்ணாரு. பின்னாடி இது. ரெண்டு பக்கமும் சேஃப்டியா இருக்கட்டும்னு."

"அத்த ரோட்லதானே ஒடைப்பாங்க?"

"இங்க ரோடு ஏதும்மா? மணல்ல போட்டேன், ஒடையல. பொதைஞ்சிக்கினு நின்னுச்சு. ஒடையாம வுட்டா நல்லதில்லன்னு வேன் ஷெட்டுல சொல்லுவானுங்க."

"ஈசிஆர்ல போய் ஒடைக்கறது."

"எவனாவது பைக்ல வந்து வழுக்கி வுழுந்தா பாவமில்லியா? அதான் போட்டுக்குள்ளயே போட்டேன். எட்டு கிலோ. ஒரே அடிதான், பீஸ் பீஸா போச்சு. பெரிய துண்டெல்லாம் பொறுக்கிட்டேன். மீதிய தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்."

கழுவியது எங்கே போகும் என்று அவன் யோசிக்கவில்லை. பன்னிரண்டு நாளாக அது பள்ளத்தில் ஊறியிருக்கிறது.

ஒரு மணிநேரம் வாளி வாளியாக அள்ளினாள். கூட்டின் உடைந்த வாயில் கம்பி வலையை வெட்டிக் கட்டி, பம்பைப் பொருத்தி, கையிலிருந்த கடைசி ஃப்யூஸைப் போட்டாள். பம்பு பாடிக்கொண்டே ஓடியது. படகின் பக்கவாட்டிலிருந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் பீறிட்டு, வடிந்ததும் தானாக நின்றது. ஸ்டான்லி கைதட்டினான்.

நாலு நிமிடத்தில் அது மறுபடி ஓடியது. யாரும் தொடவில்லை. மழையில்லை, அலையில்லை, படகு கட்டிப்போட்டபடி கிடந்தது. இன்னொரு நாலு நிமிடத்தில் மறுபடியும்.

ஹெலன் துணியால் பள்ளத்தைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தாள். படகின் பின்கோடியில், கரையேற்றும்போது நீரை வடிக்கிற துளைக்கு ஒரு மூடி உண்டு. அதைச் சுற்றி ஃபைபர் நட்சத்திரம்போல் விரிந்திருந்தது. இரும்பென்றால் நசுங்கும், ஃபைபர் நசுங்காது, வெடிக்கும். ஒவ்வொரு கீறலிலும் தண்ணீர் மணிமணியாகக் கோத்து நின்றது. இத்தனை நாள் பூசணிக் குழம்பே அதை அடைத்து வைத்திருந்தது.

"எங்க போட்டு ஒடைச்ச?"

அவன் நின்ற இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினான். அதே இடம்.

"அதான் பம்பு எறைச்சிடுதில்ல, அப்பறம் இன்னா?"

"பேட்டரி எறங்கிட்டா? நடுத் தண்ணில பத்து பேர வச்சிக்கினு இன்னா பண்ணுவ?"

"பேஜாரு பண்ணாத ஹெலனு. மேடம் அஞ்சு நிமிஷம் நிப்பாங்க. அதுவரைக்கும் தானா ஓடாம மெதவைய கவுறால கட்டி வை. கேட்டாங்கன்னா கையால தூக்கிக் காட்டு. வேற ஒண்ணும் வாயத் தொறக்காத. சனிக்கெழமைக்கு ஆளு சொல்லிட்டேன்."

பள்ளத்துக் குழம்பைவிட இந்தப் பேச்சு அவளுக்கு அதிகம் கூசியது. இதற்குக் கையுறை எந்தக் கடையிலும் கிடைக்காது என்று நினைத்தாள்.

அதிகாரி சங்கரி நாலேகாலுக்கு வந்தார். உயிர்காப்புச் சட்டைகளை எண்ணினார், தீயணைப்பானின் தேதியைப் படித்தார். ஹெலன் மிதவையைக் கட்டவில்லை. பம்பு தானாக ஓடித் தண்ணீரைப் பீய்ச்சியது.

"ஆட்டோமேட்டிக் நல்லா வேலை செய்யுதே," என்று சங்கரி பேனாவைத் திறந்தார். ஸ்டான்லி முகமெல்லாம் பல்.

"மேடம், ஒரு நாலு நிமிஷம் உக்காருங்க," என்றாள் ஹெலன்.

"எதுக்கும்மா?"

"சும்மா உக்காருங்க மேடம்."

மூவரும் உட்கார்ந்தார்கள். ஸ்டான்லி தங்கையை முறைத்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பம்பு மறுபடி ஓடியது. சங்கரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பின்கோடியைப் பார்த்தார், பேனாவை மூடினார்.

"பொங்கலுக்கு அப்பறம் கொண்டாங்க. ஒட்டிட்டு," என்றார்.

அவர் ஜீப் போனதும் ஸ்டான்லி அவள் பக்கம் திரும்பினான். "நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?" என்றான். "திரும்ப அந்த வேனுக்கே போவணும் நானு."

"போ. மொதல்ல இத்த கரையேத்து, பேட்டரி எறங்கறதுக்குள்ள."

இருவரும் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். படகு மணலில் ஏறி ஒருபக்கமாகச் சாய்ந்தது. வெடிப்பிலிருந்து சிவப்பாக ஒரு கோடு வழிந்து கழிக்குத் திரும்பியது. ஹெலன் உள்ளங்கையை முகர்ந்தாள். மூன்று முறை சோப்புப் போட்டும் அந்த இனிப்பு போகவில்லை.

"கைக்குட்டைய குடு."

"எதுக்கு?"

"குடுண்ணா."

அவன் தயங்கித் தயங்கி நீட்டினான். அவள் முழங்கையில் தொடங்கி, ஒவ்வொரு விரலாக, நகத்தடி வரைக்கும் துடைத்தாள். பிறகு அந்த ஒரு ரூபாயை நடுவில் வைத்து, நாலாக மடித்து, அவன் சட்டைப்பையில் செருகினாள்.