லென்ஸ் தூக்க ஓர் ஆள்

“இவ்ளோ பெரிய லென்ஸை யாருங்க தூக்கிட்டு நடக்கறது?”

“அதான் நீ இருக்கியேம்மா!”

போன வாரம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு என் கணவர் சொன்ன பதில் இது. சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு வேறு. நானும் வழக்கம்போல் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓங்கி வைத்ததோடு நிறுத்திக்கொண்டேன். ஆனால் இன்று காமிராக் கடையில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்தச் சிரிப்பு காதிலேயே இருந்தது.

பறவை பார்க்கும் நண்பர்கள் முதல் இந்தக் கடைக்காரர் வரை இவரைக் ‘கழுகு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த இலைக்குள் எது ஒளிந்திருந்தாலும் இவர் கண்ணுக்குத் தப்பாதாம். எப்படித் தப்பும், பக்கத்திலிருந்து நான் விலாவில் இடிக்கும்போது? “ரெண்டாவது கிளை, இடது பக்கம், வாலை ஆட்டுது பாருங்க” என்று நான் கிசுகிசுப்பேன். இவர் எடுப்பார். படத்தின் கீழே இவர் பெயர் வரும். நான் காமிராவைத் தாங்கும் முக்காலியை மடக்கித் தோளில் போட்டுக்கொள்வேன். கல்யாணமான புதிதில் அது எனக்குக் காதலாகத்தான் தெரிந்தது. காமிராவைக் கேட்க வாயெடுக்கும்போதெல்லாம் அந்த முகத்தின் சந்தோஷத்தைப் பார்ப்பேன், விழுங்கிவிடுவேன். தோள்தான் காய்த்துப்போயிற்று.

கடைக்காரர் இரண்டு லென்ஸ்களை மேசைமேல் வைத்தார். ஒன்று, கைக்குழந்தையைப் போல இரு கையாலும் ஏந்த வேண்டியது. முக்காலி இல்லாமல் ஆகாது. மற்றது சிறிய ஜூம் லென்ஸ், கையிலேயே பிடித்து எடுக்கலாம்.

“கழுகு சார் ரேஞ்சுக்குப் பெருசுதான் சார். சின்னதெல்லாம் பொழுதுபோக்குக்கு.”

“அப்படிச் சொல்லுங்க!” என்றார் இவர்.

“அதை நிறுத்தி முடிக்கறதுக்குள்ள பறவை முட்டை போட்டுக் குஞ்சே பொரிச்சிடும்,” என்றேன்.

“மேடம் ஜோக் அடிக்கறாங்க சார்,” என்றார் கடைக்காரர், என் பக்கம் திரும்பாமலே.

சோதித்துப் பார்க்க வாசலுக்கு வந்தோம். முக்காலியைத் தூக்கி வந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. கடைக்காரர் போன் பேச உள்ளே போய்விட்டார். எதிர்க் கட்டடத்துத் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு பருந்து உட்கார்ந்திருந்தது.

“தொட்டி மேல, வலது ஓரம்,” என்றேன். பழக்க தோஷம்.

“அந்த முக்காலிக் காலை நீட்டு... இறுக்கிப் பிடி... ஐயோ, ஆட்டாதே!”

பருந்து எழும்பிவிட்டது.

“உன்னாலதான் போச்சு!” என்று கத்தினார். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

முக்காலியை அவர் கையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன். சின்ன லென்ஸ் மாட்டியிருந்த கடைக் காமிராவை எடுத்துவந்தேன். பருந்து ஒரு வட்டமடித்து எங்கள் பக்கமாகவே திரும்பியது. முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டேன். அழுத்தினேன்.

போன் பேசி முடித்து வந்த கடைக்காரர் என் கையிலிருந்த காமிராவை வாங்கித் திரையில் படத்தைப் பெரிதாக்கினார். அலகின் வளைவு, கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம், விரிந்த சிறகில் ஒவ்வொரு இறகின் விளிம்பும்.

“பிரமாதம் சார்! என்ன இருந்தாலும் கழுகு சார் கழுகு சார்தான்!”

“தேங்க்ஸ்ங்க,” என்றார் என் கணவர்.

யோசிக்கக்கூட இல்லை. இருமல் மாதிரி தானாக வந்தது. தெரிந்தே பொய் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

“அது நான் எடுத்தது,” என்றேன்.

“ஆமா, நீதான் அமுக்கினே. அதுக்கென்ன இப்போ? நீ வேற நான் வேறயா?”

“வேறதான்!”

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் அவசரமாகக் கண்ணாடி மேசையைத் துடைக்கப் போனார். இவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்லக் கழன்றது.

“என்னம்மா வேணும் உனக்கு?”

“இந்தச் சின்ன லென்ஸை எனக்கு வாங்கிக் கொடுங்க. இனிமே நான் எடுக்கறேன். படத்துக்குக் கீழே என் பேர் வரணும்.”